கராஜ் ராக் ஆல்பங்கள்: வெளிநாட்டுச் சிடி மறுவெளியீடுகளைத் தேடி வாங்குவது தகுமா?

ஒற்றைத்தடம்:

ஒரே ஆல்பத்தை மூன்று நாட்டுச் சிடிகளாக வாங்கி அடுக்குவது அட்டை மோகமே அன்றி இசை ஆர்வம் ஆகாது என்று கூர்முள் வேறோர் இழையில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு திசைமாறிவிடும் என்பதால் இங்கே தனியாக மறுக்கிறேன். 1960களின் நடுவில் ஒலிப்பதிவு செய்த அமெரிக்க கராஜ் ராக் குழுக்களில் (மெருகற்ற, முரட்டு ராக் இசைத்த இளைஞர் குழுக்கள்) பல ஓரிரு ஆண்டுகளிலேயே கலைந்துபோயின. அவற்றின் ஆல்பங்களை முழுமையாக, தனித்தட்டுகளாக (சிங்கிள்) மட்டும் வந்த பாடல்களையும் சேர்த்து, நீண்ட குறிப்பேட்டுடன் சிடியாக்கியதில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இயங்கிய சிறு லேபிள்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சாக்லேட் வாட்ச்பேண்ட் குழுவின் 1967ஆம் ஆண்டு ஆல்பமான 'நோ வே அவுட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சில பாடல்களைப் பாடியவர் குழுவின் பாடகரான டேவ் அகிலார் அல்லர், டான் பென்னட் என்ற ஸ்டுடியோ பாடகர் என்பதை மூல அட்டையை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அறிய முடியாது. நான் அதை ஒரு வெளிநாட்டு மறுவெளியீட்டின் குறிப்பேட்டில்தான் படித்தேன். இதை அட்டை மோகம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

கூர்முள்:

குறிப்பேட்டின் அருமையை நான் மறுக்கவில்லை. அதை ஒருமுறை வாங்கிப் படித்தால் போதும் என்கிறேன். ஆனால் சொந்த நாடு இந்த இசையைக் கைவிட்டது, அயலார் வந்து காப்பாற்றினர் என்ற தொனி வரலாற்றுக்குப் பொருந்தாது. லென்னி கே இத்தகைய பாடல்களைத் தொகுத்த 'நக்கெட்ஸ்' இரட்டை இசைத்தட்டு 1972இல் எலெக்ட்ரா லேபிளில் 27 பாடல்களுடன் வெளிவந்தது. 1998இல் ரைனோ அதை நான்கு சிடிகளாக விரித்து 118 பாடல்கள் ஆக்கியது. இரண்டும் அமெரிக்க லேபிள்களே.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோனிக்ஸ் குழு தன் முதல் ஆல்பத்தை 1965இல் வெளியிட்டபோது பயன்பட்டது இரண்டு தடங்கள் மட்டுமே கொண்ட பதிவுக்கருவி. டிரம்ஸ் முழுமைக்கும் ஒரே ஒரு மைக்தான். அந்தப் பிளிறலும் சிதைவும் மூலப் பதிவு நாடாவிலேயே இருப்பவை. அங்கே இல்லாத நுட்பத்தை ஜப்பானிய ஆலை எங்கிருந்து கொண்டுவரும்? 2008 முதல் அங்கே விற்கப்படும், கூடுதல் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்த எஸ்எச்எம் சிடியும், ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த மாதிரிகள், 16 பிட் என்ற அதே பழைய வரையறைக்கு உட்பட்டதுதான். பிளாஸ்டிக் எவ்வளவு தெளிவானதாக இருந்தாலும், சாதாரணச் சிடியைப் பிழையின்றிப் படிக்கும் கருவிக்கு அதனால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

நாடாச்சுருள்:

இருவரும் நாட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி, எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள் என்பதே. மாஸ்டர் டேப் எனும் மூல நாடா கிடைத்த லேபிளும், அதன் மூன்றாம் தலைமுறை நகல் கிடைத்த லேபிளும், எதுவும் கிடைக்காமல் நல்ல நிலையில் இருந்த ஒரு பழைய இசைத்தட்டை ஓடவிட்டுப் பதிவுசெய்த லேபிளும் ஒரே படத்தை அட்டையில் அச்சிட்டு ஒரே அலமாரியில் நிற்கும்.

அதைவிட முக்கியமானது, எல்லா ஒலியும் ஒன்றாய்ச் சேர்ந்த மோனோவா, இடம் வலம் எனப் பிரிந்த ஸ்டீரியோவா என்பது. இந்தக் குழுக்கள் குறிவைத்தது வானொலியையும் தனித்தட்டையும் என்பதால், மோனோ கலவைக்கே கவனம் சென்றது. ஸ்டீரியோ பல நேரங்களில் கடமைக்குச் செய்யப்பட்டது. சில ஆல்பங்களில் அதுகூட உண்மையான ஸ்டீரியோ அன்று, மோனோவையே இரு பக்கமும் மின்னணு முறையில் பிரித்துப் பூசிய போலி. தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை மோனோவில் கேட்டுவிட்டு ஸ்டீரியோவுக்குத் திரும்பிய எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சார்லி லேபிள் 2009இல் கொண்டுவந்த பத்து சிடிப் பெட்டியில் அந்த மோனோ கலவை இடம்பெற்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பெட்டியைத் தேடலாம். இங்கிலாந்து என்பதற்காக அன்று.

மூன்றாம்பக்கம்:

ஐரோப்பியப் பதிப்புகளில் எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. அங்கே ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுதான் காப்புரிமை என்பதால், 1965, 66 ஆல்பங்களை இப்போது யார் வேண்டுமானாலும் அனுமதியின்றி அச்சிடலாம் என்கிறார்கள். அப்படியானால் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு காசும் குழுவினரைச் சேராதே?

நாடாச்சுருள்:

அது பழைய கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அந்தக் காலத்தை 70 ஆண்டாக உயர்த்தியது. 2013 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1962 வரை வெளியானவை அதற்குள் காப்புரிமையை இழந்துவிட்டதால் அவை திரும்பி வரவில்லை, ஆனால் 1963 முதல் வெளியானவை தப்பித்துக்கொண்டன. ஆகவே நாம் பேசும் ஆல்பங்களை உரிமையின்றி அச்சிட்டால் அது ஐரோப்பாவிலும் திருட்டுப் பதிப்பே.

உரிமையாளர் பூட்டிவைத்த ஆல்பங்களில்தான் இத்தகைய பதிப்புகள் பெருகின. கொஸ்டியன் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டுப் பதிவுகள் 2005இல்தான் உரிமையாளரால் முறையாகச் சிடியாக வெளியிடப்பட்டன. அதற்கிடையே 1997இல் குழுவினர் அதே பாடல்களை மீண்டும் பாடிப் பதிவுசெய்ததால், பழையது என்று நம்பிப் புதியதை வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு.

கூர்முள்:

இதுவரை சொன்னதெல்லாம் என் பக்கமே சாய்கிறது. சரியான நாடாவிலிருந்து எடுத்த, உரிமை பெற்ற ஒரு பதிப்பு போதும். மற்ற இரண்டும் எதற்கு?

ஒற்றைத்தடம்:

சரியானது எது என்று வாங்கிக் கேட்காமல் எப்படித் தெரியும்? பின்னட்டையில் 'மூல நாடாவிலிருந்து' என்று அச்சிடுவதற்குத் தணிக்கை எதுவும் இல்லை.

மேலும், வெளிநாட்டுப் பதிப்பு என்ற சொல்லே மங்க்ஸ் குழுவிடம் தடுமாறுகிறது. அவர்கள் ஜெர்மனியில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள்; 'பிளாக் மங்க் டைம்' 1966இல் மேற்கு ஜெர்மனியின் பாலிடார் லேபிளில் வந்தது, அப்போது அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. அந்த ஆல்பத்துக்கு ஜெர்மன் சிடிதான் தாய்வீட்டுப் பதிப்பு.

மூன்றாம்பக்கம்:

இடையே ஓர் எச்சரிக்கை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதி, மேற்பூச்சு உறையிலுள்ள கந்தகத்தைத் தாங்காமல், விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறி அழிந்துவருகிறது. அக்காலப் பிரிட்டிஷ் பதிப்பை வாங்குவோர் அட்டையை விட்டுவிட்டு வட்டின் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நாடாச்சுருள்:

ஒற்றைத்தடம், வாதத்தை நீட்டுவதைவிட, உங்களிடம் மூன்று பதிப்புகளாக உள்ள ஏதேனும் ஓர் ஆல்பத்தைக் கணினியில் பிழையின்றிப் பிரித்தெடுத்து, மாதிரிக்கு மாதிரி ஒப்பிட்டுப் பாருங்களேன்.

ஒற்றைத்தடம்:

இரண்டு மாலைகள் செலவாயின. லேபிள்களின் பெயரைத் தவிர்க்கிறேன். ஜப்பானியக் காகித உறைப் பதிப்பும் ஐரோப்பியப் பெட்டிப் பதிப்பும் தொடக்கத்தில் சில நூறு மாதிரிகள் நகர்ந்திருக்கின்றன. அவற்றைச் சீராக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஆல்பம் முழுவதும் மௌனம் மட்டுமே மிஞ்சுகிறது. மூன்றாவதாக இருந்த அமெரிக்கப் பதிப்பு முற்றிலும் வேறானது. இரண்டாம் பாடலின் முடிவில் சத்தம் தேயும் இடத்தில், ஹெட்ஃபோனில் கேட்டால், ஒரு கீறல் சீரான இடைவெளியில் தட்டுகிறது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று முறை என்று எண்ணிப் பார்த்துவிட்டேன்; பழைய இசைத்தட்டு சுழலும் வேகம் அதுவே. மூன்றிலும் அதிக விலை கொடுத்து வாங்கியது அதுதான்.

கூர்முள்:

ஆக, தாய்நாட்டுப் பதிப்பு போதும் என்று நான் சொல்லியிருந்தால் இன்று தலைகுனிந்திருப்பேன். நல்லவேளை, ஒன்று போதும் என்றுதான் சொன்னேன். எந்த இரண்டை விற்கப்போகிறீர்கள்?

ஒற்றைத்தடம்:

ஐரோப்பியப் பெட்டி யாருக்கு வேண்டுமோ, தனிமடலில் கேளுங்கள். இசைத்தட்டிலிருந்து எடுத்ததை, அது அப்படிப்பட்டது என்று சொல்லியே விற்பேன். ஜப்பானிய உறையின் பின்பக்க எழுத்தைப் பூதக்கண்ணாடி இன்றிப் படிக்க முடிவதில்லை என்றாலும், அதைச் சுற்றியுள்ள ஓபி எனும் காகிதப் பட்டையைக்கூடப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு சிடியின் மட்டில் உங்கள் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.