ரீஜன் 1 டிவிடி ஓட்ட ஒரு பிளேயர் வேண்டும், ராயபுரம் பக்கம்

நண்பர்களே, அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மச்சான், நான் கேட்ட ஒரு ஹாரர் டிவிடியை வாங்கி வந்தார். ஸ்டுடியோ படமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஹேண்டிகேமில் எடுத்த ரகம், ரத்தமும் குடலுமாக இருக்கும். ஓடிடியில் தேடிவிட்டேன், இல்லை.

பிளேயரில் போட்டால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெளியே துப்பிவிடுகிறது. டிவிடிகளை உலகப் பகுதி வாரியாக (ரீஜன்) பூட்டி விற்கிறார்கள்; இந்த டிஸ்க் அமெரிக்காவுக்கான ரீஜன் 1, நம் ஊர் பிளேயர் ரீஜன் 5. லேப்டாப் டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம். முன்யோசனை இல்லாமல் நாலு முறை மாற்றிவிட்டேன். ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். (விஎல்சி என்ற வீடியோ மென்பொருளிலும் போட்டுப் பார்த்தாச்சு, இந்த டிரைவில் எடுபடவில்லை.)

சனிக்கிழமை பர்மா பஜார் போனேன். கடைக்குக் கடை செல்போன் கவர்தான். ஒரு பெரியவர் மட்டும், "ரிமோட்ல கோடு போட்டுத் திறக்கலாம் தம்பி, மாடல் நம்பர் எடுத்துட்டு வா" என்றார். வீட்டுக்கு வந்து பிளேயரைத் திருப்பினால், உப்புக்காற்றில் பின்தகடு துருப்பிடித்து ஸ்டிக்கரில் பாதி எழுத்தே இல்லை.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் யாரிடமாவது எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் ஒரு நாள் கடன் கொடுங்கள். உங்கள் வீட்டிலேயே போட்டாலும் சரி, ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. அப்புறம், அந்த ரிமோட் கோடு விஷயம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அம்மா ஊரிலிருந்து திரும்புவதற்குள் பார்த்தாக வேண்டும்.