சிந்தெடிக் ஆயில் ஊத்தினதாலதான் எஞ்சின் போச்சா?

பாம்பன் பிஸ்டன்:
மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போன முதல் நாளே இங்க ஒரு விசைப்படகுல ஆறு சிலிண்டர் எஞ்சின் மடக்கிருச்சு. பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடத்து பேரிங்) காலி, கிராங்க் சூட்டுல நீலம் பாய்ஞ்சு கிடக்கு. மினரல் ஆயிலை (கச்சா எண்ணெயில இருந்து சுத்திகரிச்சது) எடுத்துட்டு சிந்தெடிக் (ஆலையில செயற்கையா செஞ்சது) ஊத்தினதுதான் காரணம். பழைய எஞ்சினுக்கு சிந்தெடிக் எமன். எழுதி வச்சுக்கங்க.

மண்டபம் வடக்கு:
எதை எழுதி வைக்க? டின்ல கடைசியா என்ன நம்பர்னு முதல்ல சொல்லுங்க. 40ன்னு போட்டிருந்தா மினரலோ சிந்தெடிக்கோ, 100 டிகிரி சூட்டுல ஆயிலோட கெட்டித்தன்மை 12.5க்கும் 16.3க்கும் நடுவுல சென்டிஸ்டோக் இருந்தே ஆகணும். 30ன்னா 9.3 வரைக்கும் இறங்கலாம். 15டபிள்யூ-40 கேக்குற எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 ஊத்தினா பேரிங் அடி வாங்கும். அது கிரேடு தப்பு. சிந்தெடிக்கை ஏன் இழுக்குறீங்க?

பாம்பன் பிஸ்டன்:
15டபிள்யூ-40தான் தம்பி. உங்க சென்டிஸ்டோக்கை நீங்களே வச்சுக்கங்க. சம்பை, அதான் எஞ்சின் அடியில இருக்குற ஆயில் தொட்டியைக் கழட்டினா, ஸ்ட்ரெயினர் வலை முழுக்கக் கறுப்பு மசை. சிந்தெடிக் கழுவி இறக்கினது. ஸ்ட்ரெயினர் அடைச்சா ஆயில் பம்பு காத்தை இழுக்கும், பேரிங் காயும். இதுல என்ன சந்தேகம்?

தொண்டிக்காரன்:
ஃபில்டர் அடைச்சாதான் பைபாஸ் வால்வு திறந்து ஆயில் மாத்து வழியில போயிடுமே. பேரிங் எப்படிக் காயும்?

மண்டபம் வடக்கு:
பைபாஸ் இருக்குறது ஃபில்டர்ல. ஸ்ட்ரெயினர் பம்புக்கு முன்னாடி சம்புக்குள்ள கிடக்கு, அதுக்கு ஏது பைபாஸ்? தெரியாம நடுவுல வராதீங்க.
பிஸ்டன் அண்ணே, அந்த மசையைச் சேத்தது யாரு? 250 மணி நேரத்துல மாத்த வேண்டிய ஆயிலை இழுத்தடிச்சு, புகைக்கரி சேரச் சேர விட்டதால வந்தது அது. அழுக்கைக் கழுவுற மருந்து மினரல் சிஐ-4 (டீசல் எஞ்சின் ஆயில் தரம்) ஆயில்லயும் இருக்கு. பழைய எஞ்சின்ல ஆயில் ரகம் மாத்துறவன் என்ன செய்யணும்? எஞ்சின் சூட்டோட ஆயிலை வடிக்கணும். சம்பை இறக்கி வலையை டீசல்ல கழுவணும். புது ஃபில்டர் போட்டு, 50 மணி நேரத்துல அதையும் கழட்டி, அறுத்து, மடிப்பைப் பிரிச்சுப் பாக்கணும். செம்பு நிறத்துல மினுக்குச்சுன்னா பேரிங் மேல்பூச்சு போயாச்சுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். சம்பை இறக்கவே இல்லை, ஆயில் மேல பழி.

பாம்பன் பிஸ்டன்:
மினரல் இருந்தவரைக்கும் மசை இருந்த இடத்துல இருந்துச்சு. எஞ்சின் ஓடுச்சு. ஸ்ட்ரெயினர் அடைச்சிருந்துச்சா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

கீழக்கரை காக்கா:
ரெண்டு பேரும் கடல் தண்ணியை மறந்துட்டு அடிச்சுக்குறீங்க. கடல் தண்ணி பம்புல தண்ணி சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவுல, அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் கசிஞ்சா தண்ணி அது வழியா வெளிய சொட்டும். தடைக்காலத்துல எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த ஓட்டையையும் சேத்து அடைச்சிடுறாங்க. வெளிய போக வழியில்லாத உப்புத்தண்ணி ஆயில் சீலைத் தாண்டி உள்ளதான் போகும். ஆயிலை ஒரு கரண்டில எடுத்து அடுப்புல காட்டுங்க. சடசடன்னு பொரிஞ்சா தண்ணி.

பாம்பன் பிஸ்டன்:
காக்கா, தண்ணி கலந்தா பால் மாதிரி வெளுக்கும். இது கறுப்பு. ஸ்ட்ரெயினரைப் பாத்தவன் நான்.

மண்டபம் வடக்கு:
டீசல் கலந்தாலும் கறுப்பாத்தான் இருக்கும். டிப் ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஏறியிருந்துச்சா? இன்ஜெக்டர் ஒழுகினாலோ ஃபீட் பம்பு டயாஃப்ராம் கிழிஞ்சாலோ டீசல் சம்புல இறங்கி ஆயில் நீர்த்துப் போகும், எந்த ஆயிலும் அப்ப பேரிங்கைத் தாங்காது. ஒரு சொட்டைத் தாளில விட்டு ஒரு ராத்திரி வச்சாலே, டீசல் தனி வளையமா வெளிய பரவி நிக்கும். பாத்தீங்களா? இல்ல, ஸ்ட்ரெயினரை மட்டும்தான் பாத்தீங்களா?

தொண்டிக்காரன்:
தெரியாம வராதீங்கன்னா என்ன பேச்சு? போன மாசம் அவுட்போர்டுக்கு (படகுக்கு வெளிய மாட்டுற எஞ்சின்) பைக் டூ-டி, அதான் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தலாம்னு சொன்ன ஆளு நீங்கதானே?

மண்டபம் வடக்கு:
நான் சொல்லலை. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 ரக ஆயில்தான், அதுல சாம்பல் தர்ற உலோகச் சேர்மானம் கிடையாது, பைக் ஆயில்ல இருக்கும்னுதான் சொன்னேன். பழசைத் திரும்பப் படிச்சுட்டு வாங்க.

தொண்டிக்காரன்:
படிச்சேன். ‘அவசரத்துக்கு ஊத்தலாம்’னு இருக்கு.

மண்டபம் வடக்கு:
அவசரத்துக்குன்னா கரை வந்து சேர்றதுக்கு. முழுசா எடுத்துப் போடுங்க, பாதியை வெட்டிப் போடாதீங்க.

கீழக்கரை காக்கா:
அந்த ஓட்டையை யாராவது பாத்தீங்களா இல்லையா?

பாம்பன் பிஸ்டன்:
பழைய சீல்ல சிந்தெடிக் ஒழுகும்னு அந்தக் காலத்துலயே சொன்னாங்க.

மண்டபம் வடக்கு:
1970கள்ல சொன்னாங்க. அப்ப வந்த சிந்தெடிக் ரப்பரைச் சுருக்குச்சு. அப்புறம் எஸ்டர்ங்கிற ரசாயனத்தைச் சேத்து சரி பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒழுகல்னா ஆயில் மட்டம் குறையும். குறைஞ்சுச்சா? அதுக்கும் டிப் ஸ்டிக்தான் பாக்கணும். ஹாட் ஐடிலிங்ல, அதான் எஞ்சின் சூடாகி சும்மா ஓடும்போது, ஆயில் பிரஷர் கேஜ் எத்தனை காட்டுச்சு? அதையும் யாரும் பாக்கலை.

பாம்பன் பிஸ்டன்:
கேஜ் வேலை செய்யாது.

மண்டபம் வடக்கு:
கேஜ் வேலை செய்யாத எஞ்சினைக் கடலுக்குக் கொண்டு போயிட்டு சிந்தெடிக்கைத் திட்டுறீங்களா?

பாம்பன் பிஸ்டன்:
கேஜ் அஞ்சு வருஷமா வேலை செய்யலை. மினரல்ல ஓடுச்சுல்ல? ஸ்ட்ரெயினர் அடைச்சிருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.