7 மில்லிமீட்டர் தைராய்டு புற்றுநோய்: உடனே அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி:
வணக்கம். என் மனைவிக்கு வயது 54. கழுத்து வலிக்காக எடுத்த ஸ்கேனில், தைராய்டின் வலப்பக்கத்தில் 7 மில்லிமீட்டர் கட்டி ஒன்று தற்செயலாகத் தெரியவந்தது. ஊசிப் பரிசோதனையில் 'பாப்பில்லரி கார்சினோமா (தைராய்டு புற்றுநோயின் ஒரு வகை), பெதஸ்டா 6 (ஊசிப் பரிசோதனைத் தரவரிசையில் புற்றுநோய் எனும் பிரிவு)' என்று அறிக்கை வந்துள்ளது. ஒரு மருத்துவர் சுரப்பி முழுவதையும் அகற்றச் சொல்கிறார். மற்றொருவர் ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். புற்றுநோய் என்று எழுதிக்கொடுத்த பிறகும் சும்மா இருக்கலாமா?

பதில் 1:
ஐயா, சும்மா இருப்பது வேறு, கண்காணிப்பது வேறு. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில், 1 சென்டிமீட்டருக்கு மேற்படாத இத்தகைய கட்டிகளை அறுக்காமல் கண்காணிக்கும் முறை 1993ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வின்படி, பத்தாண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவர்கள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர். நிணநீர்க் கணுக்களில் பரவல் தென்பட்டவர்கள் 3.8 விழுக்காட்டினர்; இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. வயது கூடக்கூட வளர்ச்சி குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆயினும், கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியோ, குரல் நரம்பு செல்லும் பின்புறத்திலோ இருந்தால், அல்லது கணுக்களில் ஏற்கெனவே பரவியிருந்தால், காத்திருப்பது பொருந்தாது. எனவே அளவைவிட, அது இருக்கும் இடத்தைத்தான் முதலில் கேளுங்கள்.

பதில் 2:
எனக்கு 6 மில்லிமீட்டர் கட்டிக்காக முழுச் சுரப்பியையும் எடுத்தார்கள். அன்றுமுதல் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. முதல் சில மாதங்கள் கால்சியம் குறைந்து விரல்கள் மரத்துப்போயின. எடுத்ததற்காக நான் வருந்தவில்லை, ஏனெனில் கட்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கும் மனம் எனக்கில்லை. ஆனால் கட்டி இருந்த பாதியை மட்டும் எடுத்தாலே போதுமானதாக இருந்திருக்கும் என்பதை அன்று ஒருவரும் சொல்லவில்லை. அறுவைதான் என்று முடிவானால், அதையாவது கேட்டுவிடுங்கள் அண்ணா.

பதில் 3:
தென் கொரியாவில் 1999க்குப் பிறகு பரிசோதனைகள் பெருகியதால், 2011இல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993ஐப் போல 15 மடங்கானது. இறப்பு விகிதமோ அசையவில்லை; அதாவது, கூடுதலாகக் கண்டறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. 1 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளுக்கு, பரவலுக்கான அறிகுறி இல்லாவிடில், ஊசிப் பரிசோதனையே வேண்டாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் கூறுவதும் இதனால்தான். உங்களுக்கு அது காலம் கடந்த அறிவுரை, மன்னிக்கவும்.

கேட்டவர்:
நன்றி. ஸ்கேன் அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அளவு இருக்கிறது, மூச்சுக்குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது இல்லை. கழுத்துக் கணுக்களையும் சேர்த்து மறுபடி ஸ்கேன் எடுக்க இவ்வாரம் செல்கிறோம்.