17 வயதில் கர்ப்பம்: ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகுமா?

மலையடிவாரம்:
எங்கள் தெருவில் ஒரு பெண், 17 வயது. பத்தாவது முடித்த கையோடு சொந்தத்திலேயே கோயிலில் தாலி கட்டி வைத்துவிட்டார்கள். இப்போது ஐந்து மாதம், இன்னும் எங்கும் பதியவில்லை. சுகாதார நிலையத்தில் ஆதாரைப் பார்த்தால் போக்சோவில் பையனைத் தூக்கிவிடுவார்கள் என்று மாமியாருக்குப் பயம். செவிலியர் வீடு தேடி வந்த அன்று அவளை மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு, "அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லி அனுப்பினார்கள், நானே பார்த்தேன். வெளுத்துப் போயிருக்கிறாள், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என்ன சொல்லிக் கூட்டிப் போவது?

பழைய நர்ஸ்:
கிராம சுகாதார செவிலியராக 22 வருடம் இருந்தவள் நான். பொய் சொல்ல மாட்டேன், தகவல் போகும். போக்சோ 19ஆம் பிரிவுப்படி நாங்கள் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எங்கள் மேல் கேஸ். ஆனால் மறைத்தாலும் பிரசவத்துக்கு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும், அன்றைக்கும் அதே ஆதார்தான். இப்படி ஒளித்து வைத்த ஒரு பெண்ணை வலி வந்த பிறகு ராத்திரியில் தூக்கி வந்தார்கள், ரத்தம் (ஹீமோகுளோபின்) 6 கிராம், பிரஷர் எகிறிக் கிடந்தது. அவள் பிழைத்தாள். குழந்தை இல்லை. மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, நாளைக்கே கூட்டிப் போங்கள்.

கருப்புக் கோட்டு:
தாலி கட்டியதால் தப்பிக்க முடியாது. மனைவியே ஆனாலும் 18க்குக் கீழ் என்றால் குற்றம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேஸ் வந்தால் உடனே கைதா என்றால், அப்படியும் இல்லை. காதல் உறவு சம்பந்தப்பட்ட போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழக டிஜிபி சுற்றறிக்கை விட்டார். இது வீட்டார் செய்துவைத்த கல்யாணம், அதனால் பெரியவர்கள் மேலும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பாயலாம். மாமியாரின் பயம் பையனுக்காக மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். ஒன்று, அந்தப் பெண்ணுக்கு இந்தக் குழந்தை வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? 18க்குக் கீழ் என்றால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

எண்கணக்கு:
தேசியக் குடும்பநல ஆய்வில் 15–19 வயதில் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் 2015–16இல் நாடு முழுக்க 7.9 சதவீதம், 2019–21இல் 6.8. தமிழ்நாட்டில் மட்டும் 5இலிருந்து 6.3 ஆக ஏறியிருக்கிறது. இவ்வளவு ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில்! அவசர கர்ப்பத்தடை மாத்திரை டாக்டர் சீட்டே இல்லாமல் வாங்கக்கூடியது, உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கே எத்தனை மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள்?

மலையடிவாரம்:
கூட்டிப் போய்விட்டு வந்தேன். ரத்தம் 7.8. இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமாம். குழந்தை வேண்டும் என்றுதான் சொன்னாள். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து அவளிடம் தனியாகப் பேசினார். பையன் வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. பஸ்ஸில் வரும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அடுத்தது உடனே வராம இருக்க என்ன செய்யறது?"

பழைய நர்ஸ்:
பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் அங்கேயே கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆறு வாரம் கழித்து அந்தரா என்ற கருத்தடை ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எல்லாம் இலவசம். இப்போதே செவிலியரிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள், மாமியார் பக்கத்தில் இல்லாதபோது.