சாய்ஞ்ச சில்வர் ஓக் மரத்தை ஆப்பு வச்சு எதிர்ப்பக்கம் சாய்க்கலாமா?

ஏற்காடு காபித் தோட்டத்துல 18 இன்ச் விட்டமுள்ள மரம், ஷெட் பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கு. முழுசா அறுத்துட்டு ஆப்பு அடிக்கணுமா?

பதில்: ஐயோ வேணாம். விழவேண்டிய பக்கம் வாய் மாதிரி முக்கோணமா வெட்டிட்டு, பின்னாடி அறுக்க ஆரம்பிச்சு வாள் உள்ள போனதுமே ஆப்பை சொருகிடுங்க, லேட்டானா மரம் பின்னாடி உக்காந்து வாளை கவ்விக்கும். ரெண்டு வெட்டுக்கும் நடுவுல 2 இன்ச் அறுக்காம விட்ருங்க, அதுதான் கீல் மாதிரி. இரும்பு ஆப்பு வேணாம், செயின் பட்டா போச்சு. பிளாஸ்டிக் இல்லன்னா நல்ல மரத்துல செதுக்குனது.

பதில் 2: அறுக்கிறது கொஞ்சம், அடிக்கிறது கொஞ்சம்னு மாத்தி மாத்தி பண்ணுங்க. கொப்பெல்லாம் ஷெட் பக்கமே கனமா இருந்தா ஆப்பு தாங்காது, கயிறு கட்டி வின்ச் (சுத்தி இழுக்குற கருவி) போடுங்க.

கேட்டவர்: கனமாதான் இருக்கு. மரம் வெட்டுற ஆளையே கூப்பிடுறேன், ஆப்பசைத்த குரங்கா ஆக வேணாம் 😅