‘கமம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மல்லாவி வாசகர் (கேள்வி):

சென்ற காலபோக நெற்செய்கையின்போது உர மானியப் படிவத்தைக் கொடுப்பதற்காக, விவசாயிகளுக்கான அரச அலுவலகமாகிய கமநல சேவை நிலையத்தின் விறாந்தையில் காத்திருந்தேன். கூட வந்த என் மகள் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்பா, கமம் என்றால் வயல்தானே? பிறகு ஏன் வயல்நலம் என்று எழுதவில்லை?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கமம் செய்கிற குடும்பம் எங்களுடையது. ‘கமம் நிறைந்து இயலும்’ என்று தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா உண்டென்று பள்ளியில் படித்த நினைவிருக்கிறது. நெல் நிறைந்து கிடக்கும் இடமாதலால் கமம் ஆயிற்று என்று மகளுக்குச் சொல்லலாமா?

நெடுங்கேணித் தமிழாசிரியர்:

நூற்பா உள்ளதுதான். ‘கார்கோள் முகந்த கமஞ்சூல் மாமழை’ என்று திருமுருகாற்றுப்படையும் கூறுகிறது. கடல்நீரை முகந்து நிறைசூல் கொண்ட மேகம் என்பது பொருள். ஆயினும் நிறைவு என்ற பொருள் வயல் என்ற பொருளாக மாறிய வழியைக் காட்டும் இடைக்காலச் சான்று எதையும் நான் கண்டதில்லை. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து இரு சொற்களை ஒன்றாக்க என் மனம் ஒப்பவில்லை.

விடை உங்கள் ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர் காலத்தில் முதன்மை பெற்றிருந்த பனங்காமம் என்ற ஊரின் பெயரை எண்ணிப் பாருங்கள். அதன் ஈற்றிலுள்ள ‘காமம்’ ஆசையைக் குறிக்கும் சொல்லன்று. வடமொழியின் ‘கிராம’ பாளியில் ரகரம் இழந்து ‘காம’ ஆகி, சிங்களத்தில் நெடிலும் குறுகிக் ‘கம’ ஆயிற்று. சிங்களவர் கதரகம என்பதை நாம் கதிர்காமம் என்கிறோம். கமம் என்பதை அந்தக் குறுகிய வடிவத்தோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. கிராமம், காமம், கமம் மூன்றும் ஒரே சொல் வெவ்வேறு வழிகளில் நம்மிடம் வந்து சேர்ந்த வடிவங்கள்.

முத்தையன்கட்டு வாசகர்:

ஆசிரியர் ஐயா ஒலியை விளக்கினார். ஊர் வயலானது எப்படி என்ற கேள்வி எஞ்சுகிறது. சிங்களத்திலேயே ‘கம’ குடியிருப்போடு நின்றுவிடவில்லை. அரசர் பிரதானிகளுக்கு வழங்கிய நிலத்தை நிந்தகம் என்றும், விகாரைக்கு உரிய நிலத்தை விகாரகம் என்றும் வழங்கினர். அங்கே அச்சொல் விளைநிலத்தையும் அதன் உரிமையையும் சேர்த்தே சுட்டியது. குளமும் வயலும் குடிமனையும் ஒன்றாகவே அமையும் நம் வன்னி ஊர்களில் இப்பொருள் வேரூன்றியதில் வியப்பில்லை.

‘கமக்காரன்’ என்ற சொல்லும் மாறியிருக்கிறது. என் பாட்டனார் காலத்தில் அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, கூலிக்கு வந்தவர்கள் காணி உடையவரை அப்படித்தான் விளித்தார்கள். அந்த விளியில் பணிவும் அச்சமும் கலந்திருந்தன. இன்று கமக்கார அமைப்பின் கூட்டத்தில் அரை ஏக்கர் விதைப்பவரும் கமக்காரரே. எங்கள் குளத்தின் கீழ் அப்படி ஒருவர் எழுந்து நின்று தண்ணீர்முறையைப் பற்றிக் கேள்வி கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

நெடுங்கேணித் தமிழாசிரியர்:

நன்றாகச் சொன்னீர்கள். வேளாண்மையின் கதையும் இத்தகையதே. ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்னும் 81ஆம் குறளில் அது உபகாரம் என்ற பொருளில் வருகிறது. பிறகு பயிர்த்தொழிலைக் குறித்தது. மட்டக்களப்பார் ‘வேளாண்மை வெட்டுதல்’ என்னும்போது விளைந்து நிற்கும் நெல்லையே குறிக்கிறார்கள்.

மல்லாவி வாசகர்:

இருவருக்கும் நன்றி. படிவத்தின் பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கிராம அலுவலரின் முத்திரையும் கமநல சேவை நிலையத்தின் முத்திரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மகளைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். பனங்காமத்துக்கு எப்போது கூட்டிப்போவீர்கள் என்று கேட்கிறாள்.