பழைய அமெரிக்க வண்டியில் வேறு வண்டி பிரேக்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஓஹையோ 66:
இரண்டு வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். 66 மஸ்டாங், 289 வி8, கியர் வண்டி. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. 1967 மாடலுக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்: ஒரு குழாய் போனால் நாலு சக்கரமும் போச்சு. ஜங்க்யார்டில் ஒரு ஃபோர்டு கிரனாடா காரிலிருந்து கழற்றிய டிஸ்க் பிரேக்கை முன்னால் மாட்டினேன். இரண்டு அறை மாஸ்டர், அதோடு மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் ஒரு பூஸ்டர்.

தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தபோது அருமையாகப் பிடித்தது. மறுநாள் நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் போயிருப்போம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் வண்டி நிற்கப் பார்த்தது. பெடல் கல் மாதிரி. கருகல் வாடை. ஓரங்கட்டினேன். பூஸ்டரிலிருந்து வரும் ராடு நீளமோ என்று சந்தேகம் வந்து, மாஸ்டர் சிலிண்டர் நட்டு இரண்டையும் இரண்டு சுற்று தளர்த்தினேன். சிலிண்டர் தானாக ஒரு நூல் முன்னால் வந்தது. அடுத்த நொடி வண்டி நகர்ந்து என் தொடையில் இடித்தது. கியரில் போடவில்லை, கை பிரேக்கும் இழுக்கவில்லை. அதுவரை அந்த இறுகிப்போன பிரேக்தான் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. உள்ளே இருந்த மனைவி, டாஷுக்குக் கீழே இருக்கும் அந்த டி பிடியை இழுத்தாள். நின்றது. "ஏங்க, நகருங்க" என்று அவள் கத்திய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டார்ட்காரன்:
எனக்கும் நெடுஞ்சாலை ஓரம்தான், ராத்திரி வேறு. 69 டாட்ஜ் டார்ட் காரில் 74 டார்ட் டிஸ்க். மேல் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) பெரியது என்பதால் அது மாட்டும் மேல் கையையும் அந்த வண்டியிலிருந்தே எடுத்தேன், அதில் குறையில்லை. பின்பக்கம் பழைய டிரம்மை அப்படியே விட்டேன்.

இடது பின் டயர் பஞ்சர். மகள் டார்ச் பிடிக்கிறாள். நட்டு அசையவே இல்லை. முழு எடையையும் ஸ்பானர் மேல் போட்டேன். சுள்ளென்று சத்தம், போல்ட் முறிந்து கையோடு வந்தது. அந்தக் காலத்து டார்ட்டில் இடப்பக்கம் இடது மரை, வழக்கமாகக் கழற்றுகிற திசையில் திருப்பினால் இறுகும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் முன்பக்கம் புதிய டிஸ்க் வந்தபின் அங்கே வலது மரை, கை அதற்குப் பழகிவிட்டது. முறிந்த துண்டை டார்ச்சில் காட்டி "அப்பா, இதுல எல்-னு போட்டிருக்கு" என்றாள்.

மீதி நாலையும் கழற்றி ஸ்டெப்னியைத் தூக்கினால் ஓட்டை பொருந்தவில்லை. போல்ட்டுகள் நிற்கும் வட்டம் முன்பக்கம் நாலரை இன்ச், பின்பக்கம் நாலு இன்ச். ஸ்டெப்னியோ முன்பக்கத்துக்கு வாங்கியது. இழுவை வண்டி வர மூன்று மணி நேரம்.

டிரம் பிரியன்:
ஓஹையோ நண்பரே, உங்கள் சிக்கல் ராடு இல்லை என்று நினைக்கிறேன். டிரம்முக்கான மாஸ்டரில் உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கும். ஆயிலில் சதுர இன்ச்சுக்குப் பத்து பவுண்டு அளவு அழுத்தத்தை எப்போதும் விட்டுவைக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது, டிஸ்க்கை அழுத்தும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அதைப் பாருங்கள். அப்புறம், 1967க்கு முன் எல்லாமே ஒரே அறை என்பதும் சரியில்லை, காடிலாக்கிலும் ராம்ப்ளரிலும் 1962 லேயே இரண்டு அறை வந்துவிட்டது.

என் கதை சின்னது. 70 ஷெவ்ரோலே ஷெவல், டிஸ்க் மாட்டி இரண்டு பாட்டில் ஆயில் ஊற்றியும் பெடல் பஞ்சு மாதிரி. இடது காலிபரை (பேடைப் பிடித்து அழுத்தும் பகுதி) வலதில் மாட்டியிருந்தேன், காற்று எடுக்கும் திருகு கீழே பார்த்தபடி இருந்தது. காற்று மேலே, திருகு கீழே. எப்படி வெளியே வரும்?

மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றைப் பாருங்கள். மாஸ்டர் துளை ஒரு இன்ச்சா, ஒன்றே அரைக்கால் இன்ச்சா? பெரியதில் அதே மிதிக்கு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஒன்றே அரைக்கால் போட்டால் காலால் உதைக்க வேண்டியிருக்கும். பூஸ்டருக்கான மாஸ்டரில் ராடு உட்காரும் குழி ஆழமில்லாமல் இருக்கும், சாதாரண பெடல் ராடு அதிலிருந்து நழுவி விழுந்துவிடலாம். விழுந்தால் பிரேக்கே கிடையாது. குழாய் முனையை இரட்டை மடிப்பாக மடியுங்கள். டிரம்மைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், டிரம்முக்குள் உரசும் பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவில் குட்டை லைனிங் முன்னால், நெட்டை பின்னால். சிலிக்கான் ஆயிலை மற்றதோடு கலக்கவே கூடாது.

ஓஹையோ 66:
1962 விஷயத்துக்கு நன்றி, என் வாக்கியம் தப்பு. ஆனால் வால்வு இல்லை சார். வால்வுதான் காரணமென்றால் நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் ஏன் விட வேண்டும்? ராடு நீளம் என்பதால் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வரவில்லை, ஆயில் திரும்பும் சின்னத் துளை மூடியே இருந்தது. சூட்டில் ஆயில் விரிந்தது, போக இடமில்லை, பிரேக் இறுகியது. இறுகினால் இன்னும் சூடு. ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் களிமண் உருண்டையை வைத்து அழுத்தி அளந்தேன். ராடைக் குறைத்து இருபது தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் இருபது பங்கு) இடைவெளி விட்டபின் இரண்டு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

டார்ட்காரன், பின்பக்கத்தையும் நாலரைக்கு மாற்றிவிட்டீர்களா?

டார்ட்காரன்:
இன்னும் இல்லை. டிக்கியில் இரண்டு ஸ்டெப்னி. எது எதற்கு என்று மகள் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.